வெள்ளைக் கொடிச் செய்தியை வெளியிட்ட ஆசிரியர்: பிரெட்ரிகா ஜான்ஸின் மூன்றரை ஆண்டுகள்

2009 டிசம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து ஏழு மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. மெனிக்பாம் முகாம்களில் எங்கள் சனம் இன்னமும் தறப்பாளுக்குக் கீழேதான் இருந்தது. அன்று காலை கொழும்பில் வெளிவந்த 'சண்டே லீடர்' ஆங்கில வார இதழின் முதற்பக்கத்தில், சரணடைய வந்தவர்களைச் சுடும்படி கோட்டாபய ராஜபக்ஷ உத்தரவிட்டார் என்ற பொருளில் ஒரு தலைப்பு இருந்தது. அதைச் சொன்னவராகக் குறிப்பிடப்பட்டவர், அந்த யுத்தத்தை இராணுவத் தளபதியாக இருந்து நடத்திய சரத் பொன்சேகா. செவ்வியை எடுத்து எழுதியவர் பத்திரிகையின் ஆசிரியரான பிரெட்ரிகா ஜான்ஸ்.

அந்த ஒரு செய்தி ஒரு முன்னாள் இராணுவத் தளபதியைச் சிறைக்கு அனுப்பியது. ஐ.நா. நிபுணர் ஒருவரை இலங்கை அரசாங்கத்துக்குக் கடிதம் எழுத வைத்தது. செய்தியை எழுதிய ஆசிரியரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது. ஆனால் செய்தியின் மையத்தில் இருந்த கேள்விக்கு, அதாவது வெள்ளைக் கொடியுடன் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு, இலங்கையின் எந்த நீதிமன்றமும் இன்றுவரை பதில் தேடவில்லை. பிரெட்ரிகா ஜான்ஸ் ஆசிரியராக இருந்த காலத்தை நாங்கள் திரும்பிப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கொல்லப்பட்டவரின் கதிரை

சண்டே லீடர் 1994இல் ஆரம்பிக்கப்பட்ட பத்திரிகை. லசந்த விக்கிரமதுங்கவும் அவரது சகோதரர் லால் விக்கிரமதுங்கவும் அதைத் தொடங்கினார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஊழலை எழுதும் பத்திரிகை என்று பெயர் எடுத்தது. அதற்கான விலையையும் கொடுத்தது. 2007 நவம்பர் 21ஆம் திகதி அதிகாலை, இரத்மலானையில் இருந்த அதன் அச்சகத்துக்குள் முகமூடி அணிந்த ஆயுததாரிகள் புகுந்து இயந்திரங்களுக்குத் தீ வைத்தார்கள். 2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, அலுவலகத்துக்கு வாகனம் ஓட்டிச் சென்றுகொண்டிருந்த லசந்த அத்திடிய பகுதியில் வழிமறிக்கப்பட்டுத் தாக்கப்பட்டு இறந்தார். மூன்று நாட்களுக்குப் பிறகு, தான் கொல்லப்படுவேன் என்று எதிர்பார்த்து அவர் எழுதி வைத்திருந்த ஆசிரியர் தலையங்கம் வெளியானது. அதில் அவர் தமிழ் மக்கள் மீதான யுத்தத்தைக் கண்டித்திருந்தார். விடுதலைப் புலிகளையும் கடுமையாகக் கண்டித்திருந்தார்.

லசந்தவின் மனைவி சோனாலி சமரசிங்கவும் பத்திரிகை ஆசிரியர்தான். அதே குழுமத்தின் 'மோர்னிங் லீடர்' பத்திரிகையை நடத்தியவர். கணவர் கொல்லப்பட்ட பின்னர் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. சண்டே லீடரின் ஆசிரியர் கதிரை வெறுமையாகக் கிடந்தது. அந்தக் கதிரைக்குத்தான் பிரெட்ரிகா ஜான்ஸ் வந்தார். புதிதாக வந்தவரல்ல, அதே பத்திரிகையில் புலனாய்வுச் செய்திகளை எழுதி வந்தவர். இரண்டு பிள்ளைகளின் தாய்.

ஒரு பத்திரிகை ஆசிரியர் கொல்லப்பட்டு, கொலையாளி யாரென்று பொலிஸார் கண்டுபிடிக்காத நிலையில், அதே பொறுப்பை ஏற்பது எப்படியான முடிவு என்பதை வடக்கு கிழக்கில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2000இல் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். 2005இல் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி, உலக ஊடக சுதந்திர தினத்துக்கு முதல் நாள், யாழ்ப்பாணத்தில் 'உதயன்' அலுவலகத்துக்குள் நுழைந்த துப்பாக்கிதாரிகள் பணியாளர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதன் பிறகும் அடுத்த நாள் பத்திரிகையை வெளிக்கொண்டு வந்தவர்களை நாங்கள் அறிவோம். லசந்தவின் கொலையோடு, தமிழ் ஊடகவியலாளர்களுக்குப் பழகிப்போன அந்த நிலைமை கொழும்பின் ஆங்கிலப் பத்திரிகை அலுவலகங்களுக்குள்ளும் முழுதாக வந்து சேர்ந்தது.

சிவப்பு மையில் வந்த கடிதம்

2009 ஓகஸ்டில் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காணொளியை ஒளிபரப்பியது. கைகள் பின்னால் கட்டப்பட்டு, நிர்வாணமாக்கப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சிகள் அவை. போலியானவை என்றது அரசாங்கம். இந்தக் காணொளி பற்றிச் சண்டே லீடர் ஒக்டோபரில் செய்தி வெளியிட்டது. சில நாட்களில், ஒக்டோபர் 22ஆம் திகதி, ஆசிரியர் பிரெட்ரிகா ஜான்ஸுக்கும் செய்தி ஆசிரியர் முன்சா முஷ்தாக்குக்கும் சிவப்பு மையில் கையால் எழுதப்பட்ட கடிதங்கள் வந்தன. எழுதுவதை நிறுத்தாவிட்டால் வெட்டிக் கொல்வோம் என்பதே அவற்றின் சாரம். கொல்லப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் லசந்தவுக்கும் இதே மாதிரியான கடிதம் வந்திருந்ததாகப் பத்திரிகை நிர்வாகம் சொன்னது. பொலிஸில் முறைப்பாடு செய்தார்கள். சர்வதேச ஊடக அமைப்புகள் குரல் கொடுத்தன. பத்திரிகை தொடர்ந்து வெளிவந்தது.

மிரட்டப்பட்ட இருவருமே பெண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு நாட்டின் மிக ஆபத்தான பத்திரிகை என்று சொல்லப்பட்ட ஒன்றின் ஆசிரிய பீடத்தில் முதல் இரண்டு பொறுப்புகளிலும் அன்று பெண்கள்தான் இருந்தார்கள்.

செவ்வியும் அதன் பின்விளைவும்

அந்த நேரத்தில் அரசியல் வேறொரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. யுத்த வெற்றிக்கு யார் உரிமை கோருவது என்ற போட்டியில் ராஜபக்ஷ சகோதரர்களுக்கும் சரத் பொன்சேகாவுக்கும் இடையில் பிளவு வந்தது. 2009 நவம்பரில் பொன்சேகா பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளராக ஜனாதிபதித் தேர்தலில் இறங்கினார். தேர்தல் 2010 ஜனவரி 26ஆம் திகதிக்கு அறிவிக்கப்பட்டிருந்தது.

டிசம்பர் முற்பகுதியில் பிரெட்ரிகா ஜான்ஸ் அவரைச் செவ்வி கண்டார். வெளியான செய்தியின்படி பொன்சேகா சொன்னது இதுதான்: விடுதலைப் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் பாலசிங்கம் நடேசன், சமாதானச் செயலகப் பொறுப்பாளர் புலித்தேவன் ஆகியோர் 2009 மே 18 அதிகாலை வெள்ளைக் கொடியுடன் சரணடைய முயன்றது பற்றி அந்த நேரத்தில் தனக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. சரணடைய வருபவர்களை ஏற்கக்கூடாது, கொல்ல வேண்டும் என்று பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ஷ 58ஆவது படைப்பிரிவின் கட்டளைத் தளபதி சவேந்திர சில்வாவுக்கு உத்தரவிட்டதாகப் பின்னரே தான் அறிந்துகொண்டார். அரசாங்கம் இதை முற்றாக மறுத்தது. படையினரைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியதும் பொன்சேகாவும் தான் அப்படிச் சொல்லவில்லை, தன் வார்த்தைகள் திரிக்கப்பட்டுவிட்டன என்றார். ஆசிரியர் தன் செய்தியில் உறுதியாக நின்றார்.

நடேசனும் புலித்தேவனும் சரணடைய எடுத்த முயற்சி அதற்கு முன்னரே உலகத்துக்குத் தெரிந்த விடயம். லண்டன் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் மேரி கொல்வின் அந்த இறுதி நாட்களில் நடேசனுடன் தொலைபேசியில் தொடர்பில் இருந்தார். யுத்தம் முடிந்த சில நாட்களிலேயே அதை எழுதினார். 2001இல் வன்னிக்குப் போய்த் திரும்பும் வழியில் இலங்கை இராணுவத்தின் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்தவர் அவர். 2012இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். கொல்வின் எழுதியது சரணடைய முயன்றவர்களின் பக்கத்தில் இருந்து வந்த சாட்சியம். பிரெட்ரிகா ஜான்ஸ் எழுதியது யுத்தத்தை நடத்தியவர்களுள் ஒருவரிடமிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் எடை வேறு. அதனால்தான் ஐ.நா.வின் சட்டவிரோதக் கொலைகள் தொடர்பான விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன், செவ்வி வெளிவந்து ஒரு வாரத்துக்குள் இலங்கை அரசாங்கத்திடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்.

அரச தரப்புச் சாட்சி

தேர்தலில் பொன்சேகா தோற்றார். 2010 பெப்ரவரி 8ஆம் திகதி கைது செய்யப்பட்டார். ஆயுதக் கொள்வனவு தொடர்பாக இராணுவ நீதிமன்றம் 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அதற்கு மேலாக, சண்டே லீடர் செவ்விக்காக கொழும்பு மேல் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் வழக்குத் தொடரப்பட்டது. மக்கள் பேச்சில் அது வெள்ளைக் கொடி வழக்கு ஆனது.

பெயரைக் கேட்டால், வெள்ளைக் கொடியுடன் வந்தவர்கள் கொல்லப்பட்டார்களா என்று விசாரித்த வழக்கு என்று தோன்றும். அப்படியல்ல. பொன்சேகா அந்த வார்த்தைகளைச் சொன்னாரா, சொன்னதன் மூலம் வதந்தி பரப்பி மக்களிடையே குழப்பத்தை உண்டாக்கினாரா என்பதுதான் அங்கே கேள்வி. சொல்லப்பட்டது உண்மையா என்பது விசாரணையின் பொருளாக இருக்கவில்லை. கொன்றதாகச் சந்தேகிக்கப்பட்ட எவரும் எதிரிக் கூண்டில் நிற்கவில்லை. கொலை பற்றிப் பேசியவர் நின்றார். அந்தப் பேச்சை நிரூபிக்க அரச தரப்புக்கு இருந்த பிரதான சாட்சி, செவ்வியை எழுதிய ஆசிரியர்.

பிரெட்ரிகா ஜான்ஸ் சாட்சியமளித்தார். பொன்சேகா அப்படித்தான் சொன்னார் என்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகள் அவரை நீண்ட நேரம் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவர் செவ்வியின்போது எழுதிய குறிப்பேடு நீதிமன்றத்தில் பக்கம் பக்கமாக அலசப்பட்டது. ஊடகக் கற்கை படித்த காலத்தில், குறிப்பேட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், ஒரு நாள் நீதிமன்றத்தில் கேட்பார்கள் என்று விரிவுரையாளர் ஒருவர் அடிக்கடி சொல்வார். நாங்கள் அதை அவ்வளவு பெரிதாக எடுத்ததில்லை. இந்த வழக்கின் செய்திகளைப் படித்தபோதுதான் அந்தப் பாடம் விளங்கியது.

இங்கே அவருக்கு எதிரான விமர்சனத்தையும் சொல்லியாக வேண்டும். அரசாங்கத்தை விமர்சித்த பத்திரிகையின் ஆசிரியர், அதே அரசாங்கம் தன் அரசியல் எதிரியைச் சிறையில் வைக்க நடத்திய வழக்கில் சாட்சி சொன்னது சரியா என்று அப்போதே பலர் கேட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், அல்லது மாற்றிச் சொல்லியிருந்தால், தன் செய்தி பொய் என்று அவரே ஒப்புக்கொண்டதாகியிருக்கும். முள்ளிவாய்க்கால் பற்றி ஒரு தளபதியின் வாயிலிருந்து வந்ததாகப் பதிவான வார்த்தைகள் அத்தோடு அழிந்திருக்கும். செய்தியைக் காப்பாற்றுவதற்கும் அரசாங்கத்தின் கையில் கருவியாகாமல் இருப்பதற்கும் இடையில் அவருக்கு நல்ல தெரிவு எதுவும் இருக்கவில்லை என்பதே என் எண்ணம். அவர் செய்தியின் பக்கம் நின்றார்.

2011 நவம்பர் 18ஆம் திகதி தீர்ப்பு வந்தது. இரண்டு நீதிபதிகள் பொன்சேகாவைக் குற்றவாளியாகக் கண்டு மூன்று வருடச் சிறைத்தண்டனை விதித்தார்கள். மூன்றாமவரான நீதிபதி வராவெவ உடன்படாமல் வேறு தீர்ப்பு எழுதினார். குழுவுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி தீபாலி விஜேசுந்தரவின் பெயர் தமிழ் வாசகர்களுக்குப் புதியதல்ல. 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி, கிழக்கு மக்கள் பட்ட துன்பத்தை ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதிய ஜே.எஸ். திசநாயகத்துக்கு இரண்டு கட்டுரைகளை முன்வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 20 வருடக் கடூழியச் சிறைத்தண்டனை விதித்தவர் அவரே. திசநாயகம் சர்வதேச அழுத்தத்தின் பின் 2010இல் பிணையில் விடப்பட்டு மன்னிப்புப் பெற்றார். பொன்சேகாவும் 2012 மே மாதம் விடுதலையானார். 2015இல் ஆட்சி மாறியபோது அவருக்குப் பீல்ட் மார்ஷல் பட்டம் கிடைத்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு

2012 ஜூலையில் வந்த செய்தி வெளித்தோற்றத்துக்குச் சிறியது. சுவிற்சர்லாந்தில் இருந்து பாதுகாப்புச் செயலாளரின் குடும்பத்துக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவருவதற்காக ஸ்ரீலங்கன் விமான சேவையின் விமானம் ஒன்று மாற்றப்படவிருந்ததாகச் சண்டே லீடருக்குத் தகவல் கிடைத்தது. செய்தி எழுதும் முறைப்படி, சம்பந்தப்பட்டவரின் பதிலைக் கேட்க ஆசிரியரே கோட்டாபய ராஜபக்ஷவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் செய்தியை மறுத்தார். வழக்குப் போடுவேன் என்றார். பின்னர் தகாத வார்த்தைகளில் திட்டினார். மக்கள் உன்னை வெறுக்கிறார்கள், கொல்லுவார்கள் என்ற கருத்தில் பேசினார். உங்கள் உத்தரவின் பேரிலா என்று ஆசிரியர் கேட்டபோது, இல்லை என்றார். அந்த உரையாடல் முழுவதையும் சண்டே லீடர் ஜூலை 8ஆம் திகதி இதழில் அப்படியே அச்சிட்டது.

ஒரு பத்திரிகையாளரை மிரட்டுவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். இலக்கத் தகடு இல்லாத மோட்டார் சைக்கிள், பெயர் சொல்லாத அழைப்பு, கையெழுத்தில்லாத கடிதம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குத் தெரிந்த மிரட்டல்கள் எல்லாம் அந்த வகை. இங்கே ஒரு நாட்டின் பாதுகாப்புச் செயலாளர், பெயர் தெரிந்த ஒருவர், கேள்வி கேட்ட ஆசிரியரிடம் பேசிய விதம் திகதியோடு அச்சில் வந்தது. மிரட்டலை மறைக்காமல் செய்தியாக்குவதும் ஒரு பாதுகாப்பு என்று அவர் நினைத்திருக்கலாம். அந்தப் பாதுகாப்பு இரண்டு மாதங்கள்தான் நின்றது.

பத்திரிகை விற்கப்பட்ட விதம்

2012 செப்ரெம்பரில் சண்டே லீடரின் 72 வீதமான பங்குகளை வர்த்தகர் அசங்க செனவிரத்ன வாங்கினார். ஆட்சியாளர்களுக்கு நெருக்கமானவராகக் கருதப்பட்டவர் அவர். அந்த மாதமே பிரெட்ரிகா ஜான்ஸ் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ராஜபக்ஷ குடும்பத்தை விமர்சிக்கும் கட்டுரைகளை நிறுத்தும்படி புதிய உரிமையாளர் தன்னிடம் கேட்டதாக அவர் அப்போது கூறினார். சில வாரங்களுக்குள் பிள்ளைகளுடன் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். பத்திரிகையின் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த குரல் மாறியது.

அச்சகத்தை எரித்தும் நிறுத்த முடியாத பத்திரிகை அது. ஆசிரியரைக் கொன்ற பிறகும் அடுத்த ஞாயிறு வெளிவந்தது. கடைசியில் பங்குகள் கைமாறியதுதான் அதன் குரலை அடக்கியது. ஊடகத்தை ஒடுக்குவதென்றால் துப்பாக்கி, தீ, வெள்ளை வான் என்றே நினைத்துப் பழகிவிட்டோம். விளம்பரம், கடன், பங்கு என்பனவும் அதே வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். இன்று சிறிய தமிழ் ஊடகங்களை நடத்துபவர்கள் இதை மறக்கக் கூடாது.

எஞ்சியிருப்பது

லசந்த கொலையில் இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. தொலைபேசியில் திட்டியவர் 2019இல் ஜனாதிபதியானார். 2022 ஜூலையில் மக்கள் போராட்டத்துக்கு முன்னால் நாட்டை விட்டு ஓடினார். சவேந்திர சில்வா இராணுவத் தளபதியாகவும் பின்னர் பாதுகாப்புப் படைகளின் பிரதானியாகவும் ஆனார்.

வெள்ளைக் கொடி விவகாரம் ஐ.நா.வின் ஆவணங்களில் நிற்கிறது. 2015 செப்ரெம்பரில் வெளியான மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்தின் விசாரணை அறிக்கை, நடேசனும் புலித்தேவனும் மே 18 காலை பாதுகாப்புப் படையினரால் கொல்லப்பட்டிருக்கலாம் என நம்புவதற்கு நியாயமான காரணங்கள் இருப்பதாகக் கூறியது. இலங்கைக்குள் அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருப்பவர்கள் குடும்பங்கள்தான். அதே மே 18இல் வட்டுவாகலில் தங்கள் உறவுகளை இராணுவத்திடம் நேரடியாகக் கையளித்தவர்கள் அவர்கள். அனந்தி சசிதரன் உள்ளிட்டோர் 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தார்கள். 2022 டிசம்பரில், எழிலனை நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்துமாறு இராணுவத்துக்கு உத்தரவு வந்தது. அவரைக் கொண்டுவந்து யாரும் நிறுத்தவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வீதியோரம் அமர்ந்த தாய்மார் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள்.

பிரெட்ரிகா ஜான்ஸ் தமிழர் தரப்பின் பத்திரிகையாளர் அல்ல. அப்படி அவர் தன்னைச் சொல்லிக்கொண்டதும் இல்லை. கொழும்பில் இருந்து, ஆங்கிலத்தில், பெரும்பாலும் ஊழலைப் பற்றி எழுதியவர். எங்கள் கிராமங்களில் அந்தப் பத்திரிகையை வாசித்தவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் யுத்தம் முடிந்து, வெற்றி விழாக்கள் ஓயாமல் நடந்துகொண்டிருந்த காலத்தில், சரணடைந்தவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியைத் தெற்கின் முதற்பக்கத்தில் வைத்தவர் அவர். எழுதிய பிறகு பின்வாங்கவில்லை. அதற்காகப் பதவியையும் நாட்டையும் இழந்தார்.

அவர் எழுதிய கேள்வி நீதிமன்றத்தில் வேறொன்றாக மாற்றப்பட்டது. 'கொன்றது யார்' என்பது 'சொன்னது யார்' என்று ஆனது. உண்மை அறியும் பொறிமுறை, உள்நாட்டு விசாரணை என்று எந்த அரசாங்கம் எதைக் கொண்டுவந்தாலும், அங்கே எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்க்க வேண்டும். வட்டுவாகலில் கையைப் பிடித்து ஒப்படைத்த அம்மாவின் கேள்வி அதுவாக இல்லையென்றால், அது இன்னொரு வெள்ளைக் கொடி வழக்காகவே முடியும்.